குமாஸ்தாவின் இரண்டாவது தூக்குவாளி

தோற்றுப்போன வழக்கைக் கட்சிக்காரரிடம் போய்ச் சொல்வது என்று வக்கீல் ஆபீஸில் ஒரு வேலை உண்டு. யாருக்கும் பிடிக்காத வேலை. கடலூர் மஞ்சக்குப்பத்தில், கோர்ட்டுக்கு நடந்தே போய்விடுகிற தூரத்தில் இருந்த ஓர் ஆபீஸில் 2005 முதல் 2012 வரை நான் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். வழக்கு ஜெயித்தால் சீனியரே போனை எடுத்து, கட்சிக்காரரின் பிள்ளைகுட்டிகளைக்கூட நலம் விசாரித்துப் பேசுவார். தோற்றால் ஜூனியர் வக்கீலைப் பார்ப்பார். ஜூனியர் என்னைப் பார்ப்பார். நான் கம்ப்யூட்டரைப் பார்ப்பேன். கடைசியில் எங்கள் குமாஸ்தாதான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருப்பார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சும் அதற்கு எதிரே ஒரு மர நாற்காலியும் கிடக்கும். கட்சிக்காரரைப் பெஞ்சில் உட்காரவைத்து, தான் நாற்காலியில் உட்காருவார். "தோத்துட்டோம்" என்பார். சுற்றி வளைப்பது கிடையாது. அப்பீல் இருக்கிறது, ஐகோர்ட் இருக்கிறது என்கிற பேச்செல்லாம் அந்த ஆளே கேட்டால்தான். சொல்லிவிட்டு எழுந்தும் வந்துவிட மாட்டார். எதிரே இருப்பவர் அழுதால் அழுது முடிக்கும்வரை, திட்டினால் திட்டி முடிக்கும்வரை அங்கேயே இருப்பார். ஸ்ரீமுஷ்ணம் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், இவரையே வக்கீல் என்று நினைத்துக்கொண்டு ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசினார். நான் வக்கீல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆள் ஓய்ந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாரிடமும் கடைசியில் கேட்பது அதைத்தான். பெரும்பாலும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். ஓட்டலுக்கு அழைத்துக்கொண்டு போய் வருவார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. நில வழக்குக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுவார்கள். வாங்கும்போது வில்லங்கம் பார்க்கவில்லை, பங்காளிக்குப் பாத்தியதை இருப்பது தெரியாது, அடமானத்தில் இருந்தது தெரியாது. "தெரியாதுங்க ஐயா" என்று அவர்கள் சொன்ன உடனே இவர் பேனாவை மூடி வைத்துவிடுவார். "தெரியாதுன்னு சொல்லாதீங்க. கேக்கலன்னு சொல்லுங்க. தெரியாதது வேற, கேக்காதது வேற." கட்சிக்காரர் முகம் சுருங்கிப்போகும். அது பற்றிக் கவலைப்பட மாட்டார். ஆபீஸில் நாங்கள் டீ வாங்கி வர மறந்தால்கூட ஜூனியர் இதே வசனத்தை அவர் குரலில் சொல்லிக் காட்டுவார். அவர் காதில் விழும். கோபப்பட்டதில்லை.

சிதம்பரத்துக்காரர். தினமும் பஸ்ஸில்தான் வருவார். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்தி வைத்திருந்த காலம் அது. நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளைச் சட்டை, நாலு முழ வேட்டி. சுத்த சைவம். பிறந்தநாள் கேக் வெட்டினால் முட்டை போட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவார். நான் கடலூர் ஓல்டு டவுன், துறைமுகப் பக்கம். எங்கள் வீட்டில் மீன் இல்லாவிட்டால் அது சாப்பாடே இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டிபன் பாக்ஸில் வஞ்சிரம் வறுவலை வைத்துக்கொண்டு, பின்பக்கம் போய்ச் சாப்பிடட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"எதிர்லயே உக்காந்து சாப்புடும்மா. உன் சாப்பாடு உன்னுது. ஒளிஞ்சி சாப்புட்டாதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து ஏழு வருடம் அவர் எதிரேதான் சாப்பிட்டேன். அவர் தயிர் சாதம், நான் மீன் குழம்பு.

அந்த ஆபீஸுக்கு நான் வந்த அடுத்த வருடம் மீன் வந்தது. சீனியருக்கு யாரோ வாஸ்து சொல்லி, வடகிழக்கு மூலையில் ஆளுயர நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டியும் அதில் ஓர் அரோவானாவும் வந்து இறங்கின. வெள்ளி நிறம். பட்டையான உடம்பு, மேலே பார்த்த வாய், தாடையில் இரண்டு மீசை. வந்தபோது கையளவு இருந்தது, போகப்போக முழங்கை நீளம் ஆயிற்று. அது வந்த மாதமே சீனியர் ஒரு பெரிய பாகப்பிரிவினை வழக்கில் ஜெயித்துவிட்டார். அவ்வளவுதான், இனி அவரே செத்தாலும் மீன் சாகக் கூடாது என்று ஆகிவிட்டது.

அது உயிரோடு இருக்கும் பொடி மீனைத்தான் தின்னும் என்று தொட்டியைக் கொண்டுவந்து வைத்த ஆள் சொல்லிவிட்டுப் போனான். யாரையாவது விட்டுப் போடச் சொல்லுங்கள் என்று குமாஸ்தாவிடம் சீனியர் சொன்னார். குமாஸ்தா, கூட்டிப் பெருக்க வரும் அம்மாவிடம் சொன்னார். அந்த அம்மா துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, "செவ்வா வெள்ளி வெரதம் இருக்கறவ சார் நானு. என் கையால உசுரோட எடுத்துப் போடச் சொல்றீங்களே" என்றது. கண்ணில் தண்ணீர் நின்றது. வேலை போய்விடுமோ என்ற பயமும் அதில் இருந்தது.

"வேணாம்மா. நீ போ" என்றார் குமாஸ்தா. பிறகு எங்களைப் பார்த்து, பொதுவாகச் சொல்வதுபோல், "பாவத்த ஆள் வெச்சிப் பண்ணக் கூடாது" என்றார்.

முதலில் டப்பாத் தீனியை வாங்கிவந்து போட்டுப் பார்த்தார். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டைகள். அரோவானா வாயில் வாங்கித் துப்பியது. மறுநாளும் துப்பியது. தீனி தண்ணீரில் ஊறிக் கரைந்தது, மீன் ஒரு மூலையில் போய் நின்றுகொண்டது. சீனியர் கூச்சல் போட ஆரம்பித்தார். பட்டினி போட்டுக் கொல்வதும் கொலைதானே என்று குமாஸ்தாவும் சொல்லிவிட்டார். அதற்கடுத்த நாள் சிதம்பரத்திலிருந்து வரும்போது அவர் கையில் இரண்டு தூக்குவாளிகள் இருந்தன.

ஒன்று எப்போதும் வரும் தயிர் சாதம். இன்னொன்றின் மூடியில் ஆணியால் அடித்த துளைகள். சிதம்பரத்தில் அவர் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு வண்ணமீன் கடை. சாயந்திரம் அங்கே பொடி மீன் வாங்கி, கொல்லையில் ஒரு பக்கெட்டில் விட்டு வைத்து, காலையில் தூக்குவாளிக்கு மாற்றி எடுத்து வருவார். தினமும் இல்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள். பஸ் ஆடினால் தண்ணீர் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்குமே என்று வலது கையை உடம்பிலிருந்து தள்ளி நீட்டிப் பிடித்துக்கொண்டே ஆலப்பாக்கம் தாண்டி வருவார். நெற்றியில் திருநீறும் கையில் மீனுமாக வரும் அவரைக் கண்டக்டர்கள் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. என்ன சார், பூசைக்கா என்று ஒருவர் கேட்டாராம். ஆமாம், பலி பூசை என்றாராம் இவர். இதை அவரே சிரிக்காமல் எங்களிடம் சொன்னார்.

ஒருநாள் ஜூனியர் பசி வேகத்தில் தயிர் சாதம் என்று நினைத்துத் தவறான தூக்குவாளியைத் திறந்துவிட்டார். உள்ளே இருந்து ஒன்று துள்ளி அவர் கழுத்துப் பட்டையில் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கடை ஜெராக்ஸ்காரர் ஓடி வந்தார். குமாஸ்தா அந்தப் பொடி மீனைக் கையால் பொத்தி எடுத்துத் திரும்பவும் தண்ணீரில் விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தொட்டிக்குப் போகப்போவதுதானே, அதற்கு எதற்கு இவ்வளவு பதனம் என்று நான் கேட்டேன். "அது அப்ப. இப்ப ஏன் மூச்சு முட்டணும்?" என்றார்.

மீனுக்குப் போடுவதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. காலையில் வந்ததும், வழக்குக் கட்டுகளைப் பிரிப்பதற்கு முன்னால். முன்கதவைச் சாத்திவிடுவார். வேடிக்கை பார்க்க ஒருவரும் கூடாது. சீனியரின் நண்பர்கள் இரண்டொரு பேர் சனிக்கிழமைகளில், அரோவானா பாய்ந்து பிடிப்பதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளோடு வருவார்கள். இன்று போட்டாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடுவார். போட்டிராவிட்டாலும் அதைத்தான் சொல்வார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான்.

தூக்குவாளியைத் தொட்டிக்குள் மெதுவாகச் சாய்ப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கடைசி மீன் போகும்வரை நிற்பார். சில நாள் ஒன்றிரண்டு, காற்று மோட்டாரின் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அன்றைக்குக் கோர்ட்டுக்குக் கட்டு எடுத்துப் போக நேரமாகும். சீனியர் சத்தம் போடுவார். நகர மாட்டார்.

"போட்டுட்டு வந்துர வேண்டியதுதான சார், நின்னு பாத்து என்னா ஆவப்போவுது?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போட்டுட்டு வந்துட்டா மீன் தின்னுச்சின்னு ஆயிடும். நின்னு பாத்தாதான் நான் போட்டேன்னு இருக்கும்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் அன்று முழுவதும் மனதைவிட்டுப் போகவில்லை. எங்கள் ஆபீஸில் மீன் தின்னாதவர் அவர் ஒருவர்தான். தின்கிற நாங்கள் அத்தனை பேரும் அந்த நேரத்தில் பின்கட்டுக்குப் போய்விடுவோம். நான் துறைமுகத்தில் பேரம் பேசி மீன் வாங்கி, செதில் சீவிக் குடல் எடுக்கிறவள். கை கூசாது. ஆனால் தூக்குவாளியில் சுற்றிச்சுற்றி வரும் அந்தப் பொடிகளை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். செத்ததைத் தின்பாய், சாவதைப் பார்க்க மாட்டாய் என்று அவர் என்னைக் கேலி செய்வார். கேலிதான். ஆனால் அதில் உண்மை இல்லாமல் இல்லை.

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதும் அந்த மீனால்தான். கீரப்பாளையத்திலிருந்து ஒரு விவசாயி, வாய்க்கால் தண்ணீர்த் தகராறு வழக்கு. தீர்ப்பு நாளன்று சீக்கிரமே வந்துவிட்டவர், குமாஸ்தா மீனுக்குப் போடுவதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். அன்று ஜெயித்தும்விட்டார். ஊருக்குப் போய் என்ன சொன்னாரோ, அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பக்கத்துக் கட்சிக்காரர்கள் தீர்ப்பு நாளில் பாலிதீன் பையில் வாய்க்கால் மீனோடு வந்து இறங்க ஆரம்பித்தார்கள். கோயிலுக்குத் தேங்காய் பழம் கொண்டுவருகிற மாதிரி. கெண்டைக் குஞ்சு, கெளுத்திக் குஞ்சு, ஒருவர் விரால் குஞ்சுகூடக் கொண்டுவந்தார். தொட்டியில் போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. சீனியருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

ஒருநாள் ஒருவர் கையிலிருந்த பையைக் குமாஸ்தா பிடுங்கிக்கொண்டார். "உன் வரப்புத் தகராறுக்கு இதுங்க எதுக்குய்யா சாவணும்? இதுங்களா உன் தண்ணிய மறிச்சிது?" என்று வராந்தா அதிரக் கத்தினார். அந்த ஆள் ஆடிப்போய்விட்டார்.

வாங்கிய பைகளைக் கொட்டவும் இல்லை, தொட்டியில் போடவும் இல்லை. துளை போட்ட தூக்குவாளியில் அவற்றை ஊற்றிக்கொண்டு சாயந்திர பஸ்ஸில் ஏறினார். போகிற வழியில் எங்கேயோ இறங்கி ஒரு வாய்க்காலில் விட்டுவிட்டு அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்குப் போனார். இது பலமுறை நடந்தது. ஜூனியருக்குச் சிரிப்புத் தாங்காது. காலையில் கொல்லக் கொண்டுவருகிறீர்கள், சாயந்திரம் காப்பாற்றக் கொண்டுபோகிறீர்கள், எதில் வரவு எதில் பற்று என்று நேராகவே கேட்டார்.

அதற்கு அவர் கோபப்படாமல், கட்டின் நாடாவை இழுத்து முடிந்துகொண்டே பதில் சொன்னார். "அந்த மீனுக்கு வேற வழி இல்ல சார். அதனால நான் பண்றேன். இவங்களுக்கு வழி இருக்குது. வழி இல்லாம பண்றதுக்கு ஒரு தண்டன, வழி இருந்தும் பண்றதுக்கு வேற தண்டன. ரெண்டும் ஒரே செக்ஷன்ல வராது."

அவர் தனக்கு என்ன தண்டனை விதித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. அம்மாவுக்குக் கண்ணாடி மாற்ற ஒருமுறை சிதம்பரம் போயிருந்தோம். அவர் வீட்டுக்கு வந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார். போனோம். அவர் இன்னும் வந்திருக்கவில்லை. அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு, கொல்லைப்புறம் அழைத்துப்போய் அந்தப் பக்கெட்டைக் காட்டினார்கள். சைவ வீட்டுக் கொல்லையில் மீன் பக்கெட், அடுத்தவீட்டுக்காரர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஆரம்பித்தவர்கள், நடுவில் நிறுத்திவிட்டார்கள். விஷயம் அது இல்லை என்று முகத்தில் தெரிந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவர் சாயந்திரத்தில் கோயிலுக்குப் போகாத நாள் கிடையாதாம். உள்ளே போய் உட்கார்ந்து ஒரு பதிகமாவது பாடிவிட்டுத்தான் சாப்பிடுவாராம். இந்த மீன் வேலை ஆரம்பித்த நாளிலிருந்து கோபுர வாசலோடு நிறுத்திக்கொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிடுகிறார், திரும்பிவிடுகிறார். மழையானாலும் அங்கேயேதான் நிற்கிறார். திருவிழாக்கூட்டத்திலும் அப்படித்தான்.

"இந்தக் கையோட உள்ள எப்பிடிப் போறதுன்னு கேக்குறாருமா. வேற வழி இல்லாம பண்ற பாவத்துக்கு வாசல் வரைக்கும் போலாம்னு அவுரே ஒரு சட்டம் போட்டு வெச்சிருக்காரு. வழி இருந்தும் பண்ணா அதுவும் கெடையாதாம். நான் என்னாத்த சொல்றது?" என்றார்கள்.

திரும்பி வரும்போது கீழ வீதியில் அவரைப் பார்த்தோம். கோபுரத்துக்கு வெளியே, பூக்கடைக்குப் பக்கத்தில், செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். அம்மா பேசப் போனார்கள். நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டேன். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. ஒரு வக்கீலின் வாஸ்துவுக்காக ஒரு மனிதர் தன் சாமியை வாசலில் நின்று பார்க்கிறார். ஆனால் அவருக்கு அந்த வாசல் போதுமானதாக இருந்தது என்றும் தோன்றியது. தண்டனையைச் சரியாக அளந்து கட்டுகிற ஆளின் நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

சில வருடங்கள் அப்படியே ஓடின. பிறகு அவருக்குக் கண்ணில் புரை வளர்ந்து ஆபரேஷன் செய்ய வேண்டியதாயிற்று. ஒரு மாதம் பஸ்ஸில் அலையக் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்குக் கண்ணைவிட மீன்தான் கவலை. யாரிடமும் செய்யச் சொல்ல வாய் வரவில்லை. தானே வருகிறேன் என்று நின்றார். சீனியர் திட்டினார். நான் எந்த வேகத்திலோ, "குடுங்க சார், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

தூக்குவாளியை என்னிடம் தரும்போது, உன்னால் முடியாது என்று தோன்றினால் எனக்குப் போன் பண்ணு, வேறு யார் தலையிலும் கட்டாதே என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் கடலூரிலேயே ஒரு கடையில் பொடி மீன் வாங்கினேன். ஆபீஸ் வரை கொண்டுவந்தேன். கதவைச் சாத்தினேன். தொட்டிமேல் தூக்குவாளியைச் சாய்க்கப் போனவளுக்குக் கை வரவில்லை. ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அரோவானா கீழே தயாராக வந்து நின்றது. நான் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, தண்ணீர்த் தொட்டியில் அவற்றைக் கொட்டிவிட்டேன். கருணை கிருணை எல்லாம் இல்லை. பயம். வீட்டுக்குப் போய் அன்றும் மீன் குழம்புதான் சாப்பிட்டேன்.

அவருக்குப் போன் பண்ணினால் கட்டுப் போட்ட கண்ணோடு பஸ் ஏறி வந்துவிடுவார். வேறு யாரிடமும் தள்ளக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். ஆகவே ஒரு டப்பாத் தீனியை வாங்கிப் போட்டேன். துப்பியது. மறுநாளும் போட்டேன், துப்பியது. மிச்சத்தைச் சின்ன வலையால் அள்ளிவிட்டு அடுத்த நாள் மறுபடி போட்டேன். வாரம் ஒன்று ஆயிற்று. மீன் அடியில் போய்ப் படுத்தாற்போல நின்றது. எனக்கு ராத்தூக்கம் போய்விட்டது. வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி வேண்டிக்கொண்டேன், ஒரு வக்கீலின் வாஸ்து மீனுக்காக. மாதாவுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

பிறகு ஒரு காலையில் உருண்டை ஒன்றை வாயில் வாங்கியது, துப்பவில்லை. இன்னொன்று போட்டேன். அதுவும் போயிற்று. நான் அந்த அறையில் தனியாகக் கை தட்டினேன். அடுத்த வாரத்தில், நான் டப்பாவைக் குலுக்கும் சத்தம் கேட்டாலே மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். முன்பைவிடப் பளபளப்பாக இருப்பதாகச் சீனியரே சொன்னார். அவருக்கு விஷயம் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. குமாஸ்தா திரும்பி வரும் நாளில் அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அடக்கி வைத்திருந்தேன். அவர் இனி கோயிலுக்குள்ளே போகலாம், பதிகம் பாடலாம், அவர் மனைவி கொல்லைப் பக்கெட்டைக் கவிழ்த்துவிடலாம். அதற்கெல்லாம் காரணம் நான்தான் என்று எனக்கு ஒரே பெருமை.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். உட்காரக்கூட விடாமல் தொட்டிக்கு அழைத்துப்போனேன். டப்பாவைக் குலுக்கினேன். மீன் மேலே வந்தது. ஒரு பிடி போட்டேன். சத்தத்தோடு தின்றது.

"இனிமே அந்தத் தூக்குவாளி வேணாம் சார்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். கடைசி உருண்டை போகும்வரை பார்த்தார். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் ஞாபகப்படுத்தினேன். அது அவர் காதில் விழவில்லை.

"பழக எத்தினி நாள் ஆச்சி?"

"பத்துப் பன்னண்டு நாள் இருக்கும் சார். அது வரைக்கும் துப்பிக்கினேதான் இருந்துது."

"நான் ரெண்டு நாள் பாத்தேன்" என்றார்.

அன்று முழுவதும் தன் மேஜையில் இருந்தார். ஒரு கட்டைப் பிரித்து, கட்டி, மறுபடி பிரித்தார். தயிர் சாதத்தைத் திறக்கவில்லை. சாயந்திரம் வழக்கமான நேரத்துக்கு முன்பே பஸ்ஸுக்குப் போய்விட்டார். நல்ல செய்தியைக் கேட்டுவிட்டு அவர் ஏன் இப்படி இருக்கிறார் என்று எனக்கு விளங்க அன்று பாதி நாள் ஆயிற்று. வழி இல்லை என்பதன்மேல்தான் அந்த மனிதர் இத்தனை வருடமும் நின்றுகொண்டிருந்தார். நான் அதைக் காலடியிலிருந்து உருவிவிட்டு, எப்படி இருக்கிறது பாருங்கள் என்று சிரித்திருக்கிறேன்.

மறுநாள் காலை என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். நான் பெஞ்சில் உட்காரப் போனேன். கையைக் காட்டி நாற்காலியில் உட்காரச் சொன்னார். கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் அவர் உட்கார்ந்தார்.

"நேத்து அந்த மீன் கடைக்காரரப் போயிப் பாத்தம்மா. இந்த மீனு டப்பாத் தீனி திங்குமான்னு கேட்டேன். பட்டினி போட்டுப் பழக்குனா திங்கும் சார், எல்லாரும் அப்பிடித்தான் பழக்கறாங்கன்னாரு. ஏன்யா எங்கிட்ட சொல்லலன்னேன். நீங்க பொடி மீனு கேட்டீங்க, குடுத்தேன்னாரு. அவுரு மேல தப்பில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "நேரா வீட்டுக்குப் போயிட்டேன். வாசல்ல நிக்கல."

நிற்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது அவர் மனைவிக்கும் எனக்கும்தான் தெரியும். எப்படியாவது அவரைத் தேற்ற வேண்டும் என்று தோன்றியது. அத்தனை வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் சொல்லவே சொல்லாத ஆறுதலை நான் எடுத்து அவரிடமே நீட்டினேன்.

"உங்களுக்குத் தெரியாதில்ல சார். தெரிஞ்சிருந்தா பண்ணியிருப்பீங்களா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கட்சிக்காரர்களைப் பார்ப்பாரே, அதே பார்வைதான். கடுமையும் இல்லை, இரக்கமும் இல்லை.

"தெரியாதுன்னு சொல்லாதம்மா. கேக்கல" என்றார்.

உள்ளே போன் அடித்தது. சீனியர் யாரையோ கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், சாப்பிட்டீர்களா சார் என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.